பத்து நாள் சேவைப் பயணம்: பள்ளி, வார்டு, இல்லம் மூன்றுக்கும் போகலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் பதினான்கு பேர் கொண்ட குழுவோடு வெளிநாட்டுக்குச் சேவைப் பயணம் போகிறார். பத்து நாளில் இரண்டு பள்ளிகள், ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு, ஓர் ஆதரவற்றோர் இல்லம். "நாங்கள் போவதால் யாருக்காவது உண்மையிலேயே பயன் உண்டா? என்ன கொண்டுபோக வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் எந்தப் பக்கம் நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இப்படிப் பயணம் போனவள் அல்ல, வந்தவர்களை வரவேற்றவள். குழந்தைகள் வார்டில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தேன். வெளிநாட்டு மாணவர் குழு வருகிறது என்றால் அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிற வேலை எப்படியோ என் தலையில்தான் விழும். வந்தவர்களில் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் என்று ஒருவரைக்கூட எனக்கு நினைவில்லை. ஆனால் அவர்கள் கிளம்பிய பிறகு வார்டு பழைய நிலைக்கு வர அரை நாள் ஆகும். தூங்கவேண்டிய குழந்தை தூங்கியிருக்காது, பத்து மணி மருந்து பதினொன்றரைக்குப் போகும், சுற்றிக்காட்டப் போன என்னுடைய வேலையை இன்னொரு சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பார். விருந்தாளி வந்தால் வீட்டில் வேலை கூடுவது இயற்கை. பயணச் செலவுக் கணக்கில் நீங்கள் டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாம் எழுதியிருப்பீர்கள். அங்குள்ளவர்களின் நேரம் அந்தக் கணக்கில் வராது. அதைத்தான் நீங்கள் அதிகமாகச் செலவழிக்கப் போகிறீர்கள்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: பள்ளிக்குப் போங்கள், திட்டத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு. வார்டுக்குப் போகலாம், சில கட்டாயங்களோடு. இல்லத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கடைசியில் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் குழுவில் அதற்குத்தான் எதிர்ப்பு வரும்.

கம்போடியாவில் 2005இல் 154 குழந்தைகள் இல்லங்கள் இருந்தன. 2010இல் அது 269 ஆனது. அந்த ஐந்து வருடத்தில் அங்கே உள்நாட்டுப் போர் எதுவும் நடக்கவில்லை, அநாதைக் குழந்தைகள் திடீரென்று பெருகவும் இல்லை. பெருகியது சுற்றுலாப் பயணிகள்தான். 2011இல் யுனிசெஃப் உதவியோடு வந்த ஆய்வில், அந்த இல்லங்களில் இருந்த நான்கு குழந்தைகளில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பது தெரிந்தது. வறுமையில் இருக்கும் குடும்பத்திடம் "பிள்ளைக்குப் படிப்பும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் வந்து சொல்கிறார், அவர்களும் நம்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளையைக் காட்டித்தான் இல்லத்துக்கு நன்கொடை வருகிறது. நேபாளத்தில் இப்படிப்பட்ட இல்லங்களில் பெரும்பாலானவை காட்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்கரா இருக்கும் காஸ்கி, சித்வன் என்று பயணிகள் கூடும் மாவட்டங்களில்தான் குவிந்திருக்கின்றன. ஏழ்மை அதிகமுள்ள மலை மாவட்டங்களில் இல்லை. குழந்தைகள் இருக்கும் இடத்தில் இல்லத்தைக் கட்டாமல், பயணிகள் வரும் இடத்தில் கட்டி, குழந்தைகளை அங்கே கொண்டுவருகிறார்கள். 2018இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது, இப்படி இல்லங்களுக்குக் குழந்தைகளைக் கடத்துவதும் அதில் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டது.

"எங்கள் இல்லம் அப்படிப்பட்டது இல்லை, நல்லவர்கள் நடத்துகிறார்கள்" என்பீர்கள். இருக்கலாம். நல்ல இல்லமாகவே இருந்தாலும் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆனது.

இல்லத்துக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "உள்ளே நுழைந்ததுமே ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். ஒரு குட்டிப்பாப்பா என் மடியை விட்டு இறங்கவே இல்லை. கிளம்பும்போது எல்லோரும் அழுதுவிட்டோம்." உங்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இருந்தால் யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத பதினான்கு பேர் உள்ளே வந்தால் அது என்ன செய்யும்? அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப்பார்க்கும். அதுதான் ஆரோக்கியம். யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது, தன்னுடையவர் என்று யாரும் நிலையாக இல்லாத குழந்தையிடம் காணப்படும் குணம். ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989இல் கவிழ்ந்தபோது அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இருந்தார்கள். அங்கே நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் ஒருவரோடு ஒட்டுதல் கொள்வதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாக. இல்லத்தில் இருந்த குழந்தைகளிடம் காணப்பட்ட ஒரு குணம் இந்த யாரிடமும் ஒட்டிக்கொள்ளும் பழக்கம்.

அப்படிப்பட்ட குழந்தையிடம் மூன்று நாள் அன்பைக் கொட்டிவிட்டு நான்காம் நாள் கிளம்பிவிடுகிறோம். அடுத்த மாதம் இன்னொரு குழு வரும். குழந்தை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒட்டி, புதிதாகப் பிரிகிறது. நீங்கள் ஒருமுறை அழுதீர்கள், அது வருடத்துக்குப் பத்து முறை அழும், ஒரு கட்டத்தில் அழுவதையும் நிறுத்திவிடும்.

ஆகவே இல்லத்துக்கு வைத்திருந்த பணத்தை, குழந்தைகளைத் திரும்பக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கிற உள்ளூர் அமைப்பு எதற்காவது கொடுங்கள். அவர்களின் அலுவலகத்துக்கு வேண்டுமானால் போய், எப்படி வேலை செய்கிறார்கள் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். போட்டோவுக்குக் குழந்தை கிடைக்காது, ஆனால் ஊருக்குத் திரும்பும்போது விஷயம் தெரிந்து திரும்புவீர்கள்.

இனி வார்டு. இது என் இடம் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் உடம்பு. தட்டம்மை வந்தவர், உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அதைப் பரப்ப ஆரம்பித்துவிடுவார். அவர் இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். 2019இல் சமோவா தீவுக்கு நியூசிலாந்திலிருந்து வந்த பயணி மூலம் தட்டம்மை நுழைந்தது. தடுப்பூசி போட்டவர்கள் அங்கே குறைவாக இருந்த சமயம் அது. சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். புற்றுநோய் வார்டில் கீமோ எடுக்கும் குழந்தைக்கு அந்தத் தடுப்பூசியைப் போடவே முடியாது, சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்டிருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. எனவே தட்டம்மை இரண்டு டோஸும் சின்னம்மையும் இன்ஃப்ளுயன்சாவும் போட்டதற்கான அட்டை குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸ் முடிய வழக்கமாக ஆறு மாதம் ஆகும், கடைசி வாரத்தில் ஓடிப் பலனில்லை. வார்டுக்குப் போகும் அன்று ஒருவருக்கு மூக்கு ஒழுகினாலும் வயிற்றுப்போக்கு இருந்தாலும் அவர் அறையில்தான் இருக்க வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது பரிசுப்பொருள். குழுக்கள் ஆசையாகக் கொண்டுவந்து, நாங்கள் வாசலிலேயே வாங்கி அலமாரியில் பூட்டிவைத்த பொருள்களைச் சொல்கிறேன். பலூன்: ரப்பர் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் உண்டு, முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்து பலமுறை அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கு அது அதிகம். உடைந்த துண்டைச் சின்னக் குழந்தை விழுங்கினால் மூச்சே அடைத்துவிடும். சாக்லேட்: மறுநாள் காலை ஆபரேஷன் என்று வெறும் வயிற்றோடு படுத்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்துப் படுக்கைப் பிள்ளை அதைத் தின்பதைப் பார்ப்பது சித்திரவதை, இவன் கையில் கிடைத்துத் தின்றுவிட்டால் ஆபரேஷனே தள்ளிப்போகும். பூங்கொத்தும் துவைக்க முடியாத பஞ்சுப் பொம்மையும் கீமோ வார்டுக்குள் வரக் கூடாது. பால்பவுடர் டப்பாவைப் பிரசவ வார்டுக்குக் கொண்டுவந்த குழுவும் உண்டு. தாய்ப்பாலுக்கு மாற்றான பவுடரை இலவசமாக விநியோகிப்பதற்கு எதிராக 1981லேயே உலக சுகாதார அமைப்பின் விதிமுறை வந்துவிட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, பாவம். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பிளாஸ்டிக் கட்டைகள், ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகப் புதிய வண்ணப் பென்சில், ஓவியத்தாள்: இவை போதும். அதையும் வார்டு சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள், யாருக்கு எப்போது என்று அவருக்குத் தெரியும்.

மருந்து கொண்டுபோகும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் சுமார் 4000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பாலான பெட்டிகளின் மேல் எழுதியிருந்த மொழி அங்குள்ளவர்களுக்குப் படிக்கத் தெரியாதது. நன்கொடை மருந்து நாட்டுக்குள் வரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். பெட்டியில் திணித்து எடுத்துப்போகும் மாத்திரை அட்டைகளில் எத்தனை அதற்குத் தேறும்?

வார்டுக்குள் என்ன செய்வது? இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1986இல் நியூயார்க்கில் மைக்கேல் கிறிஸ்டென்சன் என்ற சர்க்கஸ் கோமாளி, குழந்தைகள் மருத்துவமனைக்குப் பயிற்சி பெற்ற கோமாளிகளை அனுப்பும் வேலையைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் அது தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அவர்களின் முறையைப் பாருங்கள். இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள். போகுமுன் சிஸ்டரிடம் ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் கேட்டுக்கொள்வார்கள். வாசலில் நின்று தட்டி, "வரலாமா?" என்று குழந்தையிடமே கேட்பார்கள். "வேண்டாம்" என்றால் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போவார்கள். ஊசி, டிரிப், டிரெஸ்ஸிங் எதற்கும் மாட்டேன் என்று சொல்ல உரிமையில்லாத குழந்தைக்கு, நாள் முழுவதிலும் மாட்டேன் என்று சொல்லக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். அந்தக் குழந்தை கோமாளியை விரட்டிவிட்டுச் சிரிக்கும் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் குழு பதினான்கு பேர். பதினான்கு பேரும் ஒரே வார்டுக்குள் நுழைந்தால் அது ஊர்வலம். நான்கு பேர் போதும், இரண்டு ஜோடியாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மற்றவர்களை வேறு வேலைக்கு அனுப்புங்கள். குழந்தையைவிட அதன் அம்மாவைக் கவனியுங்கள் என்றும் சொல்வேன். பல நாட்டு அரசு மருத்துவமனைகளில் அம்மா கட்டிலுக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்திருப்பார், குளித்து இரண்டு நாள் ஆகியிருக்கும். சிஸ்டர் சம்மதித்து அம்மாவும் சம்மதித்தால், அவர் குளித்துவிட்டு வரும் இருபது நிமிடம் நீங்கள் குழந்தையோடு உட்கார்ந்து படம் வரையலாம். பத்து நாளில் நீங்கள் செய்யும் மிகப் பெரிய உதவி அதுவாகவும் இருக்கலாம்.

குழுவில் மருத்துவம் அல்லது நர்ஸிங் படிப்பவர் இருந்தால் ஒன்று. "இங்கே ஆள் பற்றாக்குறை, நீயே ஊசி போடு, தையல் போட்டுப் பழகு" என்று அங்கே யாராவது பெருந்தன்மையாகச் சொல்லக்கூடும். சொந்த நாட்டில் செய்ய அனுமதியில்லாததை அங்கேயும் செய்யக் கூடாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011இலேயே இதற்கென்று மாணவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏழை நாட்டுக் குழந்தையின் கை பயிற்சிப் பொம்மை இல்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வரும், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பள்ளி இவ்வளவு சிக்கலானது இல்லை. அங்கே வரும் கெடுதல் பெரும்பாலும் நேரம் வீணாவதுதான். வருகிற குழு ஒவ்வொன்றும் அதே ஆங்கிலப் பாட்டைக் கைகால் ஆட்டிச் சொல்லிக்கொடுக்கும். நான்காவது குழு வரும்போது பிள்ளைகள் குழுவைவிட நன்றாகப் பாடுவார்கள், மரியாதைக்காகத் தெரியாததுபோல் நடிப்பார்கள். ஆசிரியரோ விட்டுப்போன பாடத்தைச் சனிக்கிழமை எடுத்து முடிப்பார். அந்த ஆசிரியரிடம் ஒரு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள்: அந்த வாரம் என்ன பாடம் நடத்தப் போகிறீர்கள், அதில் எங்களுக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? வகுப்பை அவர் நடத்தட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, தடுமாறும் ஒரு பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். அந்த மொழி தெரியாது என்றால் இன்னும் நல்லது, அந்தப் பிள்ளை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். ஒரு நாளைக்கு அது டீச்சர், நீங்கள் மக்கு மாணவர்.

சுவர் கட்டுவது, வர்ணம் அடிப்பது போன்றவற்றில் எனக்கு ஈர்ப்பில்லை. டான்சானியாவில் பள்ளி மாணவியாக நூலகம் கட்டப் போன ஓர் அமெரிக்கப் பெண், பிற்பாடு 2014இல் அந்த அனுபவத்தை எழுதினார். பகலில் இவர்கள் கோணலாக வைத்த செங்கற்களை அந்த ஊர்க் கொத்தனார்கள் இரவில் பிரித்து, மாணவிகளுக்குத் தெரியாமல் சரியாகக் கட்டிவைத்தார்களாம். மாணவிகளை அழைத்துவரச் செலவான பணத்தைக் கொத்தனார்களுக்கே கூலியாகக் கொடுத்திருந்தால் அவர்கள் பகலிலேயே கட்டி முடித்திருப்பார்கள்.

"அப்படியானால் பழைய அமைப்புகள் எப்படி இளைஞர்களை அனுப்பின?" என்று கேட்கலாம். வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் பிரிட்டனின் விஎஸ்ஓ அமைப்பு 1958இல் பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பையன்களை அனுப்பித்தான் தொடங்கியது. பின்னால் பட்டதாரிகள், பிறகு தொழில் தெரிந்தவர்கள் என்று மாறியது. 1961இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் சுமார் மூன்று மாதம் மொழியும் பழக்கவழக்கமும் கற்றுக்கொடுத்து, பிறகு இரண்டு வருடம் ஓரிடத்தில் இருக்கச் சொல்கிறது. பத்து நாளில் அதைச் செய்ய முடியாது. பத்து நாளில் கற்றுக்கொள்ள முடியும், அதைக் கற்றல் பயணம் என்று நேர்மையாக அழைத்துக்கொண்டால் எதிர்பார்ப்பும் சரியாகிவிடும்.

விசாவைப் பற்றி ஒரு வார்த்தை. பல நாடுகள் சம்பளமில்லாத வேலையையும் வேலையாகவே கருதும். நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வந்தவர் கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலை செய்யக் கூடாது. "டூரிஸ்ட் விசா போதும், ஏர்போர்ட்டில் சேவை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று உங்கள் ஏற்பாட்டாளர் சொன்னால், அவரிடம் வேறு எதையும் நம்ப வேண்டாம்.

போட்டோ. வார்டில் செல்போனை வெளியே எடுக்காதீர்கள். நீங்கள் எடுக்கும் செல்ஃபியின் பின்னணியில் கட்டில்தலைப்பில் குழந்தையின் பெயரும் நோயும் எழுதியிருக்கும், அது இன்ஸ்டாகிராமில் ஏறினால் இறங்காது. பள்ளியில் பெற்றோர் சம்மதத்தோடு எடுக்கலாம், பிள்ளை தன் சொந்தக்காரர்களிடம் காட்டப் பெருமைப்படும் படமாக இருந்தால். ஆப்பிரிக்காவைப் பரிதாபமாகக் காட்டும் நன்கொடை விளம்பரங்களை நார்வே மாணவர் அமைப்பு ஒன்று 2012இல் கேலி செய்தது நினைவுக்கு வருகிறது. குளிரில் நடுங்கும் நார்வேக்காரர்களுக்கு ஆப்பிரிக்கர்கள் இரங்கி ஹீட்டர் அனுப்புவதாக ஒரு பாட்டு வீடியோ. உங்கள் பதிவை வெளியிடுமுன் அதேபோல் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: உங்கள் தங்கை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது முன்பின் தெரியாத வெளிநாட்டவர் அவளைக் கட்டிக்கொண்டு இப்படி எழுதினால் எப்படியிருக்கும்?

பாதுகாப்பு விதி எளிது. எந்தக் குழந்தையோடும் தனியாக இருக்காதீர்கள், கதவு திறந்தே இருக்கட்டும், போன் நம்பரோ ஃபேஸ்புக் முகவரியோ கொடுக்காதீர்கள். போலீஸ் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கல்லூரிக் கடிதம் என்று அவர்கள் உங்களை இழுத்தடித்தால் சந்தோஷப்படுங்கள். உங்களிடம் எந்தச் சான்றிதழும் கேட்காத இடம் உங்களுக்கு முன் வந்தவரிடமும் கேட்டிருக்காது.

இப்போது செய்யவேண்டியது ஒன்றுதான். ஏற்பாட்டாளரை நடுவில் வைக்காமல், அந்த இரண்டு பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் வார்டின் பொறுப்பு சிஸ்டருக்கும் நேராக எழுதுங்கள். நாங்கள் இத்தனை பேர், இந்தத் தேதி, எங்களுக்கு இன்னின்னது தெரியும், நாங்கள் வருவது உங்களுக்கு இடைஞ்சல் என்றால் தயங்காமல் சொல்லுங்கள் என்று. "எப்போது வேண்டுமானாலும் வாங்க, என்ன வேண்டுமானாலும் செய்யுங்க" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். "அந்த வாரம் தேர்வு, வராதீர்கள்" என்று ஒரு பள்ளி எழுதினால் அந்தப் பள்ளியை விட்டுவிடாதீர்கள். தேர்வு எப்போது முடிகிறது என்று கேட்டு, டிக்கெட்டை அந்தத் தேதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.